ஸ்டெம் செல்லைக் காயப்படுத்தாமல் தட்டிலிருந்து எடுக்க: புதுச்சேரி, கடலூர் பக்கம் புதிதாக ஆய்வில் சேர்பவர்களுக்கு

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் பக்கம் ஏதோ ஓர் ஆய்வகத்தில் இப்போதுதான் செல் வளர்ப்பில் கை வைக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்காக எழுதியது. எனக்குப் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லை. பாட்டிலோடு வரும் தாளைப் படித்துப் படித்துத்தான் பழகினேன். அந்தத் தாளோ குளிர்ந்த அறைக்கும், சொன்ன நாளில் பார்சல் வந்து சேரும் ஊருக்கும் எழுதப்பட்டது. நம் ஊர் வெயிலும் மழையும் விடுமுறையும் அதில் இருக்காது. ஆகவே அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. தட்டில் ஒட்டிய செல்லைக் கழற்ற நொதி விடுவோம். மென்மையானது என்று பெயர் வாங்கிய நொதியைக்கூடக் கூடுதலாகப் பத்து நிமிடம் விட்டுவிட்டால் செல்கள் சாகலாம். எந்த பாட்டில் வாங்கினாலும் கடிகாரத்தையும் மைக்ராஸ்கோப்பையும் விடாமல் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி.

1. செல்லைத் தொடுவதற்கு முன் காகிதங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். செல்கள் வந்த பிறகு அனுமதி தேடினால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

மனித ஸ்டெம் செல்லோடு வேலை என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள் பொருந்தும். உங்கள் நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழுவுக்கு உங்கள் திட்டம் போக வேண்டும். அந்தக் குழு முறைப்படி பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே வழிகாட்டிப் பேராசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் குழுவின் பதிவு நடப்பில் இருக்கிறதா, அடுத்த கூட்டம் எப்போது? கூட்டத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விண்ணப்பம் கேட்பது வழக்கம். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை வேலை நிற்கும்.

தொப்புள்கொடி, பல்கூழ், கொழுப்பு என்று மருத்துவமனையிலிருந்து திசு வாங்குவதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனியாக வேண்டும். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், அதுவும் விழுப்புரத்திலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ பிரசவத்துக்கு வந்த அம்மாவுக்குப் புரிகிற தமிழில். ஆங்கிலப் படிவத்தை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் குழு திருப்பி அனுப்பும், அனுப்பத்தான் வேண்டும். சம்மதத்தைப் பிரசவ வலி தொடங்குவதற்கு முன்பே, நிதானமாகப் பேசி வாங்குங்கள். வலியில் இருப்பவரிடம் கையெழுத்துக் கேட்பது சரியல்ல.

வேறு ஆய்வகத்திலிருந்து செல் வரிசை வாங்கினால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், செல் வரிசையின் டி.என்.ஏ. அடையாளச் சான்று, மைகோபிளாஸ்மா (செல் வளர்ப்பைக் கெடுக்கும் மிகச் சிறிய பாக்டீரியா) இல்லை என்ற சான்று, பாசேஜ் எண் (செல்லை எத்தனை முறை பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றினார்கள் என்ற கணக்கு) ஆகிய நான்கும் கையில் வராமல் செல்லை இன்குபேட்டருக்குள் விடாதீர்கள். நட்பாகக் கொடுத்த குப்பி என்றாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு மைகோபிளாஸ்மா குப்பி இன்குபேட்டரில் இருக்கிற எல்லாருடைய செல்லையும் கெடுத்துவிடும். புதிய செல்லைத் தனி இன்குபேட்டரில் வைத்து, பி.சி.ஆர். என்ற டி.என்.ஏ. சோதனையில் மைகோபிளாஸ்மா இல்லை என்று பார்த்த பிறகு மற்றவற்றோடு சேர்க்கலாம்.

2. எந்தச் செல்லுக்கு எந்த நொதி

தட்டில் ஒட்டி வளரும் செல்லை இரண்டு பிடிப்புகள் தாங்குகின்றன. கீழே இருக்கும் புரதப் பூச்சோடு ஒரு பிடிப்பு, பக்கத்துச் செல்லோடு ஒரு பிடிப்பு. பக்கத்துப் பிடிப்புக்குக் கால்சியம் வேண்டும். நொதி புரதத்தை அறுக்கும், ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். இது புரிந்தால் மற்ற எல்லாம் எளிது.

பழைய டிரிப்சின் பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. லைசின், ஆர்ஜினின் இருக்கும் இடமெல்லாம் வெட்டும். செல் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களையும் விடாது. தோல் நார்ச் செல் போன்ற முரட்டுச் செல்களுக்கு அது போதும். மனித ஐ.பி.எஸ். செல்லுக்கு (சாதாரண உடல் செல்லை மாற்றியமைத்து உருவாக்கிய ஸ்டெம் செல்) வேண்டாம்.

அக்யூட்டேஸ், கடல்வாழ் முதுகெலும்பற்ற உயிரியிலிருந்து வரும் நொதிக் கலவை. புரதத்தையும் கொலாஜனையும் அறுக்கும், கொஞ்சம் ஈ.டி.டி.ஏ.வும் சேர்ந்தே இருக்கும். பாலூட்டிப் பொருளோ பாக்டீரியாப் பொருளோ இதில் இல்லை. செல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க இது நல்லது. 37 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தானாகவே வலுவிழக்கும். அதுதான் இதன் பலம், நம் ஊரில் அதுவே தொல்லையும்கூட.

ட்ரிப்-எல்-ஈ என்பது டிரிப்சின் மாதிரியே வெட்டும், ஆனால் விலங்கிலிருந்து வராத, மறுசேர்க்கை முறையில் தயாரித்த நொதி. அறை வெப்பநிலையிலேயே வைக்கலாம் என்பதால் கரன்ட் போய்ப் போய் வரும் இடங்களில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். தொப்புள்கொடி, பல்கூழ், கொழுப்பு போன்ற திசுவிலிருந்து எடுக்கும் மீசன்கைமல் ஸ்டெம் செல்லுக்கு இது மிகப் பொருத்தம்.

டிஸ்பேஸ் வேறு வகை. பாக்டீரியாவிலிருந்து வரும் இந்த நொதி கால்சியம் இருந்தால்தான் வேலை செய்யும், காலனியை, அதாவது ஒட்டிக் கூட்டமாக வளர்ந்த செல்களை, தாளைப் போல முழுதாகக் கிளப்பும். காலனியின் ஓரம் சுருளத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐ.பி.எஸ். செல்லை வாரா வாரம் வளர்த்துக்கொண்டு போக நொதியே தேவையில்லை. கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத டி.பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் 0.5 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. போதும். சிறு கொத்துகளாக வரும், பிழைப்பும் நன்றாக இருக்கும். நொதியை எண்ணி விதைக்கும் சோதனை, ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்லை ஒவ்வொன்றாக லேசர் வழியே ஓட்டி அளப்பது), நரம்புச் செல்லாக மாற்றுவது, மரபணுத் திருத்தம் என ஒற்றைச் செல் கட்டாயம் வேண்டிய வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் செல்லாகவே திரும்பத் திரும்ப வளர்த்தால் குரோமோசோம் மாறிய செல்கள் மெல்ல மெல்லத் தட்டைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து கூடும். 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதி இரட்டிப்பது மிகவும் அறியப்பட்ட உதாரணம்.

3. செலவும் வாங்கும் வழியும்

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதனால் ரூபாயைவிட மில்லிலிட்டர் கணக்கைத் தருகிறேன். ஆறு குழித் தட்டில் ஒரு குழிக்கு 1 மி.லி. அக்யூட்டேஸ் போதும். டி-75 பிளாஸ்குக்கு (75 சதுர சென்டிமீட்டர் வளர்ப்புப் பரப்பு உள்ளது) 5 மி.லி. ஆகவே 100 மி.லி. பாட்டில் 5 மி.லி. வீதம் 20 குழாய்களாகும். வாரத்துக்கு எத்தனை குழாய் செலவாகும் என்று பார்த்து வாங்குங்கள். 500 மி.லி. வாங்கினால் மலிவு என்று விற்பனையாளர் சொல்வார். உருகிய பிறகு குளிர்பெட்டியில் இரண்டு மாதம்தான் தாங்கும் என்பதை அவர் சொல்ல மாட்டார்.

ஈ.டி.டி.ஏ. கரைசல் கிட்டத்தட்டச் செலவே இல்லை. 500 மி.லி. டி.பி.பி.எஸ். பாட்டிலில் 0.5 மோலார் ஈ.டி.டி.ஏ. 0.5 மி.லி. விட்டு வடிகட்டினால் சரி.

பணத்தை உண்மையில் விழுங்குவது நொதி அல்ல. மீடியாவும் (செல்லுக்கான சத்துக் கரைசல்), தட்டில் செல் ஒட்டுவதற்கான மேட்ரிஜெல் அல்லது விட்ரோநெக்டின் பூச்சும், தனியாகப் பிரித்த செல் சாகாமல் காக்கும் ராக் தடுப்பானும்தான். ஒய்-27632 என்ற தடுப்பான் 1 மி.கி. குப்பியாகக் கிடைக்கும். அதை 312 மைக்ரோலிட்டர் நுண்ணுயிர் நீக்கிய நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். 20 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து உறைய வையுங்கள். மீடியாவில் ஆயிரத்துக்கு ஒன்று விட்டால் 10 மைக்ரோமோலார் வரும். ஒரு குப்பியில் 300 மி.லி. மீடியா தயாராகும் என்று பார்த்தால் பயமில்லை.

அரசு நிறுவனத்தில் இருந்தால் ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையதளத்தில் பொருள் உண்டா இல்லையா என்ற அறிக்கை, மூன்று விலைப்புள்ளி, ஒரே நிறுவனம் மட்டும் தயாரிக்கும் பொருள் என்றால் அதற்கான தனியுரிமைச் சான்று ஆகியவற்றைக் கொள்முதல் பிரிவு கேட்கலாம். விலைப்புள்ளியில் ஜி.எஸ்.டி.யும் குளிர்பெட்டி அனுப்பும் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். இந்த இரண்டும் பின்னால் வந்து பில்லைத் தடுத்து நிறுத்தும். ஆர்டரிலேயே 'காலாவதிக்குக் குறைந்தது ஒன்பது மாதம் இருக்க வேண்டும், தொகுதிச் சான்றிதழ் இணைக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

4. பார்சல் எப்போது வர வேண்டும்

இங்கேதான் ஊர் முக்கியமாகிறது. உறைந்த பொருள் பெரும்பாலும் சென்னை வழியாக வரும். செவ்வாய், புதன் நாட்களில் வந்து சேரும்படி கேளுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பிய பெட்டி திங்கள்கிழமை உங்கள் கைக்கு வரும்போது உள்ளே ஐஸ் இருக்காது.

புதுச்சேரிக்கே உரிய விடுமுறைகளைச் சென்னைக்காரர் அறிய மாட்டார். நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 அதிகாரபூர்வ இணைப்பு நாள். ஆகஸ்டில் 15, 16 இரண்டும் சேர்ந்து வரும். கேட்டில் வாங்க ஆளில்லாமல் பெட்டி கூரியர் கிடங்குக்குத் திரும்பிப் போகும். பொங்கல் வாரத்தில் எதையும் வரவழைக்க வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது மின்சாரம் திரும்ப நாட்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஆகவே மழைக்காலத்துக்கு வேண்டிய நொதி, மீடியா எல்லாம் செப்டம்பர் கடைசிக்குள் உள்ளே இருக்க வேண்டும்.

பெட்டி வந்ததும் வாங்கிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் திறந்து பாருங்கள். அக்யூட்டேஸ் உருகியிருந்தால் அங்கேயே படம் எடுத்து, அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு விற்பனையாளர் வெறும் தெர்மோகோலில் அனுப்பிவிட்டு, படம் இல்லை என்ற ஒரே காரணத்தால் மாற்றித் தர மறுத்தார். குளிர்ச்சியாகவே உருகியிருந்தால் பொருள் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. குளிர்பெட்டியில் வைத்து அன்றிலிருந்து இரண்டு மாதக் கணக்கைத் தொடங்கலாம். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தால் வாங்காதீர்கள்.

5. முந்தின நாள்

அக்யூட்டேஸ் குழாயை உறைபெட்டியிலிருந்து எடுத்து 2 முதல் 8 டிகிரி குளிர்பெட்டியில் இரவு முழுதும் வையுங்கள். 37 டிகிரி நீர்த்தொட்டியில் போட்டு உருக்கவே கூடாது. மீடியாவைப் போல இதையும் சூடாக்கிக்கொள்ளலாம் என்று கை தானாகப் போகும். சூடாக்கிய நொதி செல்லைப் பார்க்கும் முன்பே வலுவிழக்கத் தொடங்கிவிடும். குளிர்ச்சியாகவே எடுத்துச் செல்லின் மேல் விடுங்கள். மேட்ரிஜெல் குழாயையும் ஐஸ் மேல் வைத்துக் குளிர்பெட்டியிலேயே உருக விடுங்கள். கொஞ்சம் சூடு பட்டால் கட்டியாகிவிடும்.

தட்டைப் பாருங்கள். 70 முதல் 80 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். அதற்கு மேல் நெருங்கிய ஐ.பி.எஸ். காலனி நடுவில் தடித்து, பிரிக்கும்போது சாகும். வேறு வகைச் செல்லாக உருமாறிய காலனிகள் இருந்தால் இன்றே குறியிட்டு, நாளை நொதி விடுவதற்கு முன் சுரண்டி எடுத்துவிடுங்கள். நொதி நல்ல செல்லையும் உருமாறியதையும் பிரித்துப் பார்க்காது.

6. அந்த நாள், ஐ.பி.எஸ். செல்லுக்கு

மீடியாவை உறிஞ்சி எடுங்கள். டி.பி.பி.எஸ். விட்டு இரண்டு முறை கழுவுங்கள். கால்சியம், மெக்னீசியம் இல்லாத பாட்டில்தானா என்று சத்தமாக ஒரு முறை வாசியுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு வகை பாட்டில்களும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். கால்சியம் உள்ளதை விட்டால் செல்கள் சரியாகக் கழன்று வராது, நீங்கள் நொதியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் கால்சியம் உள்ள பாட்டிலின் கழுத்தில் சிவப்பு டேப் சுற்றி வைக்கிறோம்.

குழிக்கு 1 மி.லி. அக்யூட்டேஸ் விட்டு 37 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். மூன்றாவது நிமிடம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். காலனிக்குள் கீறல் கீறலாக இடைவெளி தெரியும், செல்கள் உருண்டையாகத் தொடங்கும். இல்லையென்றால் ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டுங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். பத்து நிமிடமாகியும் கழலவில்லை என்றால் நேரத்தைக் கூட்டாதீர்கள். காரணம் வேறு எங்கோ இருக்கிறது: பழைய நொதி, கழுவாத தட்டு அல்லது அளவுக்கு மீறி நெருங்கிய காலனி.

ஏசி நின்ற மே மாத மதியத்தில் மேசை மேல் வைத்த தட்டே முப்பது டிகிரிக்கு மேல் போய்விடும். தட்டை வெளியே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் நொதி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள். ஈ.டி.டி.ஏ. முறையில் 'அறை வெப்பநிலையில் ஐந்து நிமிடம்' என்று எழுதியிருந்தால் நம் வெயிலில் மூன்றிலேயே பாருங்கள்.

கழன்றதும் 3 முதல் 4 மி.லி. மீடியா விட்டு நீர்க்க வையுங்கள். 1 மி.லி. முனையால் இரண்டு மூன்று முறை மெதுவாக மேலும் கீழும் இழுத்தால் போதும். நுரை வந்தால் நீங்கள் அதிகம் அடிக்கிறீர்கள். பிறகு சென்ட்ரிபியூஜில் 200 ஜி (புவியீர்ப்பைப் போல 200 மடங்கு விசை) வைத்து 5 நிமிடம் சுழற்றுங்கள். அந்தக் கருவியில் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும் இருந்தால் ரோட்டரின் ஆரத்தை வைத்து ஜி-யாக மாற்றிப் போடுங்கள், பக்கத்து ஆய்வகத்தின் ஆர்.பி.எம். எண் உங்களுக்குப் பொருந்தாது.

எதனால் நிறுத்துவது என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். டிரிப்சினைச் சீரம் தடுக்கும். அக்யூட்டேஸுக்கும் ட்ரிப்-எல்-ஈ-க்கும் தனித் தடுப்பான் வேண்டாம், நீர்க்க வைத்துச் சுழற்றி நீக்கினால் சரி. டிஸ்பேஸைச் சீரம் தடுக்காது, நன்றாகக் கழுவியாக வேண்டும். ஈ.டி.டி.ஏ. முறையில் செல்கள் இன்னும் தட்டில் ஒட்டியிருக்கும்போதே கரைசலை உறிஞ்சி எறிந்துவிட்டு, மீடியாவைப் பீய்ச்சிக் கொத்துகளைக் கழற்ற வேண்டும். தாமதித்தால் கரைசலோடு செல்லும் போய்விடும்.

சுழற்றிய பிறகு குழாயின் அடியில் படியும் செல் உருண்டை (பெல்லட்) கோந்து போல இழுபட்டால் செத்த செல்களின் டி.என்.ஏ. வெளியே வந்திருக்கிறது. நேரம் கூடிவிட்டது அல்லது பைபெட்டால் அடித்துவிட்டீர்கள். அடுத்த குழியில் இரண்டையும் குறையுங்கள்.

7. மீசன்கைமல் செல்லுக்கு

இது எளிது. மீடியாவில் சீரம் இருப்பதால் இரண்டு முறை கழுவுங்கள். டி-75 பிளாஸ்குக்கு 5 மி.லி. ட்ரிப்-எல்-ஈ, 37 டிகிரி, 5 நிமிடம். பிளாஸ்கின் பக்கவாட்டில் உள்ளங்கையால் மெல்லத் தட்டினால் சரிந்து வரும். 300 ஜி, 5 நிமிடம். சதுர சென்டிமீட்டருக்கு 4,000 செல் என்றால் டி-75-க்கு 3 லட்சம். ராக் தடுப்பான் தேவையில்லை.

8. எண்ணி விதைப்பது

10 மைக்ரோலிட்டர் செல், 10 மைக்ரோலிட்டர் 0.4 சதவீத டிரிப்பான் நீலம். நீலமானவை செத்தவை. செல் எண்ணும் கண்ணாடித் தகட்டின் நான்கு மூலைச் சதுரத்திலும் சேர்த்து உயிருள்ளவை 168 என்றால் சராசரி 42. அதை இரண்டால் பெருக்கி, பத்தாயிரத்தால் பெருக்கினால் மி.லி.க்கு 8.4 லட்சம். சதுர சென்டிமீட்டருக்கு 30,000 வேண்டும், ஆறு குழித் தட்டில் ஒரு குழி 9.5 சதுர சென்டிமீட்டர் என்றால் 2.85 லட்சம் தேவை. அதாவது 0.34 மி.லி. பிழைத்த செல் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விதைத்துப் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைய சோதனைக்கு அதை எடுக்காதீர்கள்.

ஒற்றைச் செல்லாகப் பிரித்த மனித ஐ.பி.எஸ். செல், ராக் தடுப்பான் இல்லாமல் கூட்டங்கூட்டமாகச் சாகும். 10 மைக்ரோமோலார் சேர்த்து விதையுங்கள். தட்டை முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைத்துப் பரப்புங்கள். வட்டமாகச் சுற்றினால் எல்லாம் நடுவில் குவியும். மறுநாள், 24 மணி நேரத்தில், தடுப்பான் இல்லாத மீடியாவுக்கு மாற்றிவிடுங்கள். அன்று செல்கள் நீண்டு, கால் முளைத்தது போலத் தெரியும். அது தடுப்பானின் விளைவு, பயப்பட வேண்டாம். மீடியா மாற்றியதும் பழைய உருவத்துக்கு வரும்.

9. ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்பினால்

அக்யூட்டேஸ் மேற்பரப்புப் புரதங்களைப் பெரும்பாலும் காப்பாற்றும், எல்லாவற்றையும் அல்ல. ஃபாஸ் என்ற மேற்பரப்புப் புரதம் போன்ற சிலவற்றை அது குறைத்துவிடுவது தெரிய வந்திருக்கிறது. உங்கள் புரதம் எதுவோ அதற்கு ஒரு முறை ஈ.டி.டி.ஏ.வால் எடுத்த செல்லையும் நொதியால் எடுத்த செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு மதிய வேலைதான். செய்யாமல் விட்டால் ஆய்வேட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

10. குப்பையும் சேமிப்பும்

பயன்படுத்திய மீடியாவையும் நொதியையும் ஹைப்போகுளோரைட்டில் ஊற விட்டுப் பிறகு கொட்டுங்கள். ஹைப்போகுளோரைட் கலந்ததை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி வளர்ப்புக் கழிவு ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பின் மஞ்சள் பைக்கும், தட்டு, பிளாஸ்க், முனை போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கும், ஊசியும் பிளேடும் வெள்ளைப் பெட்டிக்கும், கண்ணாடி நீலப் பெட்டிக்கும் போகும். சிகிச்சை செய்யாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் பாசேஜ் செய்யாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோட்டில் ஒவ்வொரு முறையும் நொதியின் தொகுதி எண், உருக்கிய தேதி, செல் மேல் இருந்த நிமிடம், அறையின் வெப்பநிலை, பிழைத்த சதவீதம், பாசேஜ் எண் ஆகியவற்றை எழுதுங்கள். ஏறக்குறைய பத்து பாசேஜுக்கு ஒரு முறை குரோமோசோம் சோதனைக்கு அனுப்புங்கள். சந்தேகம் வந்தால் நமக்கு அருகிலேயே வேலூரில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. புனேயில் தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் களஞ்சியமும் இருக்கிறது.

செல்கள் நன்றாக இருக்கும்போதே, எந்தச் சோதனையும் தொடங்குவதற்கு முன், குறைந்த பாசேஜில் பத்துக் குப்பியாவது உறைய வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரும் பெட்டியில் மைனஸ் 80-க்கு இறக்கி, மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்காமல் பாதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் நைட்ரஜன் தொட்டியை நிரப்பி, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பொறியியல் பிரிவில் நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.